கொம்பர் மாஸ்டர்

எங்கள் தாவரவியல் மாஸ்டர் காலமான செய்தியோடு வந்த அஞ்சலிகளில் பாதிக்கு மேற்பட்டவை அவரை ஆலமரம் என்றும் எங்களை விழுதுகள் என்றும் வர்ணித்திருந்தன. அவர் பார்த்திருந்தால் சிவப்பு மையால் வெட்டியிருப்பார். ஓங்கி வளரும் மரங்களில் அவருக்கு அவ்வளவு அக்கறை இருந்ததில்லை. நீரையும் உணவையும் கடத்தும் காழும் உரியமும் இல்லாமல், வேர்ப்போலிகளால் ஈரமண்ணைப் பற்றிக்கொண்டு, உடல் முழுவதாலும் நீரை உறிஞ்சி வாழ்ந்து, வித்திகளைத் தாங்கும் கொம்பை நிமிர்த்தும் கொம்புத் தாவரமான அந்தோசெரோசுக்கே அவருடைய பாடவேளைகள் கரைந்தன. "சேர், இதுக்குப் பரீட்சையில எத்தனை புள்ளி?" என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் பின்வரிசையிலிருந்து எழும்.

நாங்கள் அவருக்கு வைத்த பெயரை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ஒருநாள் கரும்பலகையில் அவருடைய முகத்தை வரைந்து, தலையில் இரண்டு கொம்புகளையும் முளைக்கவிட்டிருந்தான் ஒருவன். உள்ளே வந்தவர் சிறிது நேரம் பார்த்தார், அழிக்கவில்லை. சுண்ணக்கட்டியை எடுத்து இரு கொம்புகளின் நுனிகளையும் பிளந்து வரைந்தார். அடியில் உறையொன்றைச் சேர்த்து, "வளர்ச்சி அடியில், முதிர்ச்சி நுனியில்" என்று குறித்துவிட்டு அப்படியே பாடத்தைத் தொடங்கினார். மொஸ்களில் வித்திகள் ஒரே தடவையில் முதிர, அத்தோடு வித்திகளைத் தரும் தலைமுறையான வித்தித்தாவரத்தின் வேலை முடிந்துவிடும். கொம்போ நுனியில் வித்திகளை உதிர்த்துக்கொண்டிருக்கும்போதே அடியில் புதிதாக வளர்ந்துகொண்டிருக்கும் என்பதை நான் கற்றது அந்தக் கேலிச்சித்திரத்திலிருந்துதான். அவருடைய குரலில் மாற்றமில்லை. முகத்தை நிமிர்ந்து பார்க்கத்தான் எங்களில் எவருக்கும் துணிவு வரவில்லை.

செய்முறை வகுப்பில் வேர், தண்டு, இலை என்று பிரியாத தட்டையான உடலாகிய கரும்பச்சைப் பிரிவிலியைக் கைவில்லையின் கீழ் வைத்து, நொஸ்டொக்கு என்ற நீலப்பச்சைப் பற்றீரியா குடியிருந்து நைதரசனைப் பதித்துக் கொடுக்கும் குழிகளை, நீலப்பச்சைப் புள்ளிகளாகத் தெரியும்வரை எங்களைப் பார்க்கவைப்பார். முதிர்ந்த கொம்பொன்றை மின்குமிழருகே உலரவிட்டால் நுனி இரு கீற்றுகளாகப் பிரிந்து முறுக்கிக்கொள்ள, கரிய வித்திகள் தூளாக உதிரும். கலத்துக்குப் பெரும்பாலும் ஒரேயொரு பச்சையவுருமணி என்பதையும், அதனுள் வேறெந்தத் தரைத்தாவரத்திலும் காணப்படாத, அல்காக்களுக்கே உரிய, காபனீரொட்சைட்டைப் பதிக்க உதவும் பைரினொயிட்டு என்ற புரத உடல் இருப்பதையும் சொல்லும்போது அவருக்குக் குரல் உயர்ந்துவிடும். விலங்குகளில், நிறமூர்த்தங்களின் ஒரேயொரு தொகுதியைக் கொண்ட ஒருமடிய நிலை விந்தோடும் முட்டையோடும் முடிந்துவிடுகிறது, மரங்களிலும் அது கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருங்கிவிட்டது, இந்தச் செடிக்கோ அதுதான் உடல், கொம்பு அதில் தங்கி வாழும் அடுத்த தலைமுறை என்று அவர் விளக்கியதைவிடத் தெளிவாக இன்றுவரை எவரும் எனக்கு விளக்கியதில்லை.

நான் தாவரவியல் படிப்பேன் என்று அவர் நம்பியிருந்தார். நாடு விட்டு வந்தபின் கணக்கியல் கைகொடுத்தது. அதைக் குறைசொல்ல எனக்கு நியாயமில்லை. 2014இல், மங்கிய ஒளியை உணரப் பன்னங்களுக்கு உதவும் நியோகுரோம் மரபணு கொம்புத் தாவரங்களிடமிருந்து அவற்றுக்குப் போய்ச் சேர்ந்தது என்ற ஆய்வு வெளிவந்தது. ஒருவரும் புள்ளி கொடுக்காத அந்தச் செடி பன்னங்களுக்கே கடன் கொடுத்திருக்கிறது என்பதை அவர் எப்படி அனுபவித்திருப்பார்! முகவரி கையில் இருந்தும் நான் எழுதவில்லை.

அவர் தம் கையாலேயே சாயமேற்றித் தயாரித்த நுணுக்குக்காட்டி வழுக்கிகள் மரப்பெட்டியொன்றில் இருந்தன. ஆய்வுகூடம் புதுப்பிக்கப்பட்டபோது அவை எங்கே போயின என்று அறிந்தவர்கள் இந்த நினைவுமலர்க் குழுவுக்குத் தெரிவிக்கவும். பெட்டியைப் பெற்று, பழுதுபார்த்து, பாடசாலைக்கே திருப்பிக் கொடுக்கும் செலவை நான் ஏற்கிறேன்.