மாங்கிளையில் ஒரு கறுப்புப் பங்கசு: பெயர் வரை போன வழி

வெள்ளவத்தையில் வீட்டு முற்றத்தில் வெட்டிப்போட்டிருந்த மாங்கிளையின் பட்டையில் 1 முதல் 2 மில்லிமீற்றர் நீளமான கறுப்புப் புடைப்புகள். கைவில்லையில் பார்த்தால் படகு மாதிரி: நடுவே நீளப் பிளவு, விளிம்பில் குறுக்கு வரிகள். துண்டைக் காகித உறையில் கொண்டுவந்தோம். கொழும்பு ஈரப்பதத்துக்குப் பொலித்தீன் பை சரிவராது. பச்சைப் பூஞ்சணம் ஏறி, தேடிய பங்கசையே மூடிவிடும்.

பாதியை உலர்ந்தபடி வைத்துவிட்டு மறுபாதியில் தண்ணீர் சொட்டினோம். சற்று நேரத்தில் பிளவு அகல விரிந்து, உள்ளே செம்மஞ்சள் தட்டு தெரிந்தது. பெரிய தடயம் இது. ஒத்த தோற்றமுள்ள ஹிஸ்டீரியம் என்ற பங்கசின் பிளவு இப்படி விரியாது.

புதுப் பிளேட்டால் தட்டில் மெல்லிய சீவல் எடுத்து, வெறும் தண்ணீரில் நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தோம். சாயமெல்லாம் பிறகுதான். கவர் கிளாஸை மெல்ல அழுத்தினால், உயிருள்ள வித்திப்பையின் வெளிச்சுவர் கிழிந்து உட்சுவர் நீண்டு வெளியே வரும். லக்டிக் அமிலம் முதலில் பட்டால் பை செத்துப்போகும். இரட்டைச்சுவருக்கான சான்றும் அதோடு போகும். பையொன்றில் எட்டு வித்திகள்; முதிர்ந்தவை கடும் பழுப்பு, உள்ளே மூன்று குறுக்குப் பிரிசுவர்கள்.

அடுத்தது அயடீன்: வித்திப்பையின் நுனி நீலமாகிறதா என்று பார்க்க. 3 கிராம் பொற்றாசியம் அயடைட்டைக் கொஞ்சத் தண்ணீரில் முதலில் கரைத்து, அதில் 1 கிராம் அயடீனைச் சேர்த்து, 100 மில்லிலீற்றராக்க வேண்டும். வெறும் தண்ணீரில் அயடீன் சரியாகக் கரையாது. நுனி நீலமாகவில்லை.

பலர் சறுக்குவது அளவெடுப்பில். பார்வைத்துண்டின் அளவுகோலை ஒவ்வொரு பொருள்வில்லைக்கும் தனித்தனியாக, 10 மைக்ரோமீற்றர் இடைவெளியில் கோடுகளுள்ள ஸ்லைடை வைத்துத் திருத்த வேண்டும். பைக்குள் இருக்கும் வித்திகள் முதிராதவையாக இருக்கலாம். வெளியே வந்த 30 வித்திகளைத்தான் அளந்தோம். பெரும்பாலானவை 25–32 × 9–12 மைக்ரோமீற்றர்.

இவ்வளவும் சேர்ந்து ரைடிட்ஹிஸ்டெரோன் என்ற பங்கசுச் சாதியை (genus) காட்டின. வெப்பவலய நாடுகளில் காய்ந்த கிளைகளில் தாராளமாகக் கிடைப்பது. பழைய நூல்களில் பட்டெல்லாரியேசியே குடும்பத்தில் இருக்கும்; மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு ஹிஸ்டீரியேசியேக்கு மாற்றிவிட்டார்கள். ‘ரூஃபுலம்’ என்று இனப்பெயரையும் எழுதக் கை துடிக்கும். எழுதவில்லை. அந்தப் பெயரின் கீழ் வைத்திருந்தவற்றிலிருந்தே மரபணு வரிசையை வைத்துப் புது இனங்களைப் பிரித்திருக்கிறார்கள்; வித்தி அளவுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. மாதிரியை நன்றாக உலர்த்தி, மரத்தின் பெயர், இடம், திகதி எழுதிய உறையில் சிலிக்கா ஜெல்லோடு வைத்திருக்கிறோம். மரபணு எடுக்க அது போதும்.