ஹாக்கன்ஹைமில் பிரேக் பிடிக்கக் கற்ற நாள்

ஜெர்மனியில் குடியேறியவர் இந்திய லைசென்ஸை வைத்துக்கொண்டு 6 மாதம்தான் வண்டி ஓட்டலாம். அதற்கப்புறம் கண் பரிசோதனை, முதலுதவி வகுப்பு, எழுத்துத் தேர்வு, சாலைத் தேர்வு எல்லாம் முடித்து இந்த ஊர் லைசென்ஸ் வாங்க வேண்டும். நம் போன்றவர்களுக்குக் கட்டாய வகுப்பு கிடையாது, தேர்வு மட்டும்தான். கோயமுத்தூரில் பல வருடம் கார் ஓட்டியவன் என்றாலும், ஸ்டுட்கார்ட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தேன்.

தேர்வுக்குப் படிக்கும்போது ஒரு கணக்கு வரும். வேகத்தைப் பத்தால் வகுத்து, வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால், பிரேக் பிடித்தபின் வண்டி நிற்க ஆகும் தூரம் மீட்டரில் கிடைக்கும். 50 கிலோமீட்டர் வேகம் என்றால் 25 மீட்டர், 100 என்றால் 100 மீட்டர். ஆபத்து நேரத்தில் முழு பலத்தோடு அழுத்தினால் அதில் பாதி. கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போய்ச் சேருவதற்குள் வண்டி ஓடிவிடும் தூரம் தனி. 100 கிலோமீட்டர் வேகத்தில் அது மட்டும் 30 மீட்டர். இதையெல்லாம் மனப்பாடம் செய்து தேறிவிட்டேன். லைசென்ஸும் கையில் வந்தது. ஆனால் அந்த எண்கள் தலையில் இருந்தன, காலுக்கு அவை தெரியாது.

அது உறைத்தது ஆட்டோபான் என்ற அதிவேக நெடுஞ்சாலையில். அங்கே பொதுவான வேக வரம்பு கிடையாது. 130 என்பது பரிந்துரை மட்டும்தான். லாரியை முந்த இடப்பக்கத் தடத்துக்குப் போவேன். கண்ணாடியில் புள்ளியாக ஒரு வெளிச்சம் தெரியும், மறுபடி பார்ப்பதற்குள் அது என் முதுகுக்கு வந்திருக்கும். காந்திபுரத்தில் ஓட்டும்போது கண் நம்மைச் சுற்றிப் பத்தடிக்குள்தான் சுழலும். குறுக்கே வரும் ஸ்கூட்டி, நிற்காமலே ஆள் ஏற்றும் பஸ், திடீரென்று திரும்பும் ஆட்டோ என்று எல்லாரும் ஹார்ன் அடித்து, கண்ணைப் பார்த்து, பேசிப் பேசித்தான் போவோம். அதுவும் ஒரு திறமைதான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 130-இல் பேசிக்கொள்ள நேரமில்லை. அடுத்தவர் விதிப்படிதான் ஓட்டுவார் என்று நம்பி, அரை கிலோமீட்டர் முன்னாலேயே பார்வையை அனுப்பிவிட வேண்டும்.

நான் பார்க்கும் வேலை, பிரேக் கட்டுப்பாட்டு மென்பொருளைச் சோதிப்பது. இந்தத் தொழிலுக்கு ஸ்டுட்கார்ட் வட்டாரம் தாய்வீடு. பிரேக்கை முழுசாக மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ், பாஷ் நிறுவனத்தின் தயாரிப்பாக 1978-இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் வந்தது. சறுக்கும் வண்டியை நேராக்கும் ஈஎஸ்பி 1995-இல் வந்தது. 1997-இல் சுவீடனில் நடந்த ஒரு சோதனையில் மெர்சிடிஸின் சின்ன ஏ கிளாஸ் கார் கவிழ்ந்த பிறகு, அந்த ஈஎஸ்பியை அந்தக் காரிலேயே எல்லாருக்கும் பொருத்திக் கொடுத்தார்கள். இன்று ஐரோப்பாவில் புதிய கார்கள் எல்லாவற்றிலும் அது கட்டாயம். தினமும் திரையில் இதன் வரைபடங்களைப் பார்க்கிறேன். அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் ஒருநாள் நேராகவே கேட்டார்: "இந்தக் கோடு வளையும்போது இருக்கையில் என்ன தெரியும் என்று உனக்குத் தெரியுமா?" அவர்தான் ஹாக்கன்ஹைம் பந்தயத் தடத்தில் நடக்கும் ஓட்டுநர் பயிற்சியைப் பற்றிச் சொன்னார். பயிற்சிக்கான போர்ஷே 911 காரை அவர்களே கொடுப்பார்கள்.

ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஹாக்கன்ஹைம் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். 1932-இல் திறந்த தடம். முன்பு காட்டுக்குள் நீண்டு ஓடிய நேர்ப்பாதைகள் இதற்குப் புகழ். புகழ்பெற்ற பந்தய வீரர் ஜிம் கிளார்க் 1968 ஏப்ரலில் உயிரிழந்தது அந்தக் காட்டுப் பகுதியில்தான். 2002-இல் தடத்தை 4.574 கிலோமீட்டராகச் சுருக்கி, பழைய காட்டுப்பாதையின் தாரை உடைத்தெடுத்து மரம் நட்டுவிட்டார்கள். நம்ம ஊர் நரேன் கார்த்திகேயன் 2005-இலும் 2012-இலும் ஜெர்மன் கிராண்ட் பிரீ ஓட்டியது இங்கேதான். கோயமுத்தூர்க்காரர் ஒருவர் ஓட்டிய தாரில் நானும் ஓட்டப்போகிறேன் என்ற நினைப்பே எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

காலையில் முதல் பாடம் உட்காருவது. பிரேக்கை முழுசாக அழுத்தினாலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். கைகள் கடிகாரத்தில் 9-க்கும் 3-க்கும். சாய்ந்து படுத்தபடி ஓட்டுபவர்களுக்கு ஆபத்தில் மிதிக்கத் தேவையான பலம் காலில் வராது என்றார் பயிற்சியாளர். அதற்கப்புறம் பிரேக்.

50-இல் வந்து கூம்பைத் தொடும் இடத்தில் முழு பலத்தோடு மிதிக்க வேண்டும். மிதித்தால் பெடல் காலுக்கடியில் படபடவென்று உதறும், ஏபிஎஸ் வேலை செய்கிறது என்று அர்த்தம். அந்த உதறலில் திகைத்து நிறைய பேர் காலைத் தளர்த்திவிடுவார்களாம். தளர்த்தவே கூடாது, வண்டி நிற்கும்வரை மிதித்தபடியே இருக்க வேண்டும். நின்ற இடத்தில் ஒரு கூம்பு வைத்தார்கள். அடுத்து அதே இடத்தில், 70-இல். தூரம் ஏறக்குறைய இரட்டிப்பானது. இதைவிட முக்கியமானது பயிற்சியாளர் அப்புறம் சொன்னது: 50-இல் வந்த வண்டி நின்றுவிட்ட அந்த இடத்தை 70-இல் வந்த வண்டி கடக்கும்போது, அது இன்னும் 49 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். வெறும் 20 கூடுதல்தானே என்று நினைப்போம். அந்தக் கூம்பு இருந்த இடத்தில் ஒரு குழந்தையை வைத்து நினைத்துப் பார்த்தேன். எங்கள் தெருவில் வேக வரம்பு ஏன் 30 என்று அன்றைக்குப் புரிந்தது.

அடுத்தது தண்ணீர் ஊற்றிய வழுக்கு வட்டம். ஈஎஸ்பியை அணைத்துவிட்டுச் சுற்றச் சொல்வார்கள். 911-இல் என்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் இருக்கிறது. வளைவில் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டால் எடை முன்னால் சாயும், பின் டயர்கள் லேசாகும், வால் வெளியே வீசும். எல்லாரும் சுழன்றோம், அதற்காகத்தானே அந்த வட்டம். வயர்லெஸ்ஸில் அவர் குரல் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னது: "போக வேண்டிய இடத்தைப் பார்." பார்வை அந்தப் பக்கம் போனால் கையும் அந்தப் பக்கம் திருப்புகிறது, வண்டியும் மெல்ல அடங்குகிறது. இடிக்கப்போகும் கூம்பையே பார்த்தால் கூம்பைத்தான் இடிக்கிறோம்.

மதிய உணவுக்கு முன் பயிற்சியாளர் பலகையில் ஒரு வட்டம் வரைந்தார். ஸ்டுட்கார்ட் பேராசிரியர் வுனிபால்ட் காம் பெயரால் அறியப்படும் வட்டம் அது. டயருக்குத் தரையோடு உள்ள பிடிமானம் ஒரே சம்பளம் மாதிரி. பிரேக்குக்குச் செலவழித்துவிட்டால் திரும்புவதற்கு மிச்சம் இருக்காது. அதனால் வளைவுக்கு முன்பே நேர்க்கோட்டில் பிரேக்கை முடி, அப்புறம் திருப்பு, வெளியேறும் வழி தெரிந்தபின் ஆக்ஸிலரேட்டரைக் கொடு.

பிற்பகலில் பெரிய தடம். பயிற்சியாளரின் கார் முன்னால், நாங்கள் அதே கோட்டைப் பிடித்துப் பின்னால். நேரம் அளக்கவில்லை, யாரும் யாரையும் முந்தவில்லை. பாரபோலிகா என்ற நீண்ட இடப்பக்க வளைவு முழுவதும் ஆக்ஸிலரேட்டரை அழுத்தியபடியே போகலாம். ஃபார்முலா 1 கார்கள் அங்கே 300-ஐத் தாண்டிவிடும். அதன் முடிவில் ஷ்பிட்ஸ்கேரெ என்ற கொண்டை ஊசி வளைவு. என் வேகம் அதைவிட மிகக் குறைவுதான், இருந்தாலும் பிரேக் மிதித்தபோது பெல்ட் நெஞ்சை அமுக்கியது. காலையில் 50-இல் கற்ற மிதிதான் இங்கேயும், அதே கால். கடைசியில் மோட்டோட்ரோம், பார்வையாளர் மேடைகள் சூழ்ந்த பகுதி. காலி மேடைகளுக்கு நடுவில் ஸாக்ஸ் வளைவில் திரும்பியபோது வாய்விட்டுச் சிரித்தேன்.

அன்றிரவு மாமாவுக்குப் போன் செய்தேன். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு லாரி ஓட்டியவர், அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளும் அவருக்கு அத்துப்படி. பலகையில் வரைந்த அந்த வட்டத்தை விளக்கிச் சொன்னதும், "வளைவுக்குள்ள பிரேக் தொடக்கூடாது மாப்ள, அதுக்கு முன்னாடியே வேகத்தை முடிச்சுறோணும். இதைத்தான் எங்க ஓனரு எனக்கு மொதல் நாளே சொன்னாரு" என்றார். பாரம் ஏற்றிய லாரியில், ஏபிஎஸ் இல்லாமல், மழையில் இதைச் செய்தவர் அவர். அவர்மேல் இருந்த மரியாதை அன்றைக்கு இன்னும் கூடியது.

இங்கே நம் மக்கள் வந்து ஒன்றிரண்டு வருடத்தில் நல்ல கார் வாங்கிவிடுகிறோம். சந்தோஷம்தான். அந்த வண்டியை நிறுத்தக் கற்கவும் ஒரு நாள் ஒதுக்குங்கள் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன். போர்ஷே தேவையில்லை. இதே ஸ்டுட்கார்ட்டில் 1903-இல் தொடங்கிய ஏடிஏசி என்ற வாகன ஓட்டிகள் சங்கம், நாடு முழுக்க சாதாரணப் பாதுகாப்புப் பயிற்சி நடத்துகிறது. பிரேக், வழுக்கு, பார்வை எல்லாம் அதிலும் உண்டு, செலவும் பந்தயத் தடத்தோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

என் மனைவி அதில் பெயர் கொடுத்திருக்கிறாள், பனி விழுவதற்கு முன் போகிறாள். சொந்த வண்டியைத்தான் கொண்டுவரச் சொல்கிறார்கள். தினமும் பிள்ளையைப் பள்ளியில் விடுவது எங்கள் பழைய ஃபோக்ஸ்வாகனில்தானே, அதன் பிரேக் பெடல் எப்படி உதறும் என்றுதான் அவளுக்குத் தெரிய வேண்டும்.