பெயின்ஸ்விக்கின் 99 மரங்கள்

இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில் பெயின்ஸ்விக் என்றொரு சிற்றூர். அங்குள்ள தூய மரியாள் ஆலயக் கல்லறைத் தோட்டம் முழுக்க, வழவழவென்று கத்தரித்துவிடப்பட்ட பழைய யூ என்னும் பசுமை மாறா ஊசியிலை மரங்கள். மொத்தம் 99தானாம், நூறாவதை நட்டால் சாத்தான் வளரவிட மாட்டான் என்பது ஊர்ப்பேச்சு. நானும் எண்ணிப் பார்த்தேன். பக்கத்து மரங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்ததில் நாற்பதைத் தாண்டியதும் கணக்குத் தவறிவிட்டது. சாத்தானுக்கு மட்டும் எப்படிக் கணக்கு நின்றதோ!

யூ மரத்தின் இலையும் விதையும் கடும் நஞ்சு. அந்த இலையிலிருந்து எடுக்கும் பொருளைக் கொண்டுதான் டோசிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்தை உருவாக்கினார்கள்.

செப்டம்பரில் இங்கே ‘கிளிப்பிங்’ என்று ஒரு விழா. மரம் கத்தரிக்கிற விழா என்றே நினைத்திருந்தேன். பழைய ஆங்கிலத்தில் அதற்குத் தழுவுதல் என்று பொருளாம். சிறுவர்கள் கைகோத்து ஆலயத்தைச் சுற்றி வளைத்து நிற்பார்கள்.