மாட்டிக்கொண்ட போல்ட், மாறிப்போன பாட்டில்: வீட்டில் எஞ்சின் ஆயில் மாற்றிய அனுபவம்

மோட்டார் சைக்கிளுக்கு எஞ்சின் ஆயில் மாற்றுவது அரை மணி நேர வேலை என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால், நமக்கு முன்னால் அந்த வண்டியில் கை வைத்தவர் ஒழுங்காக வேலை செய்திருந்தால்தான் அந்தக் கணக்கு செல்லும். எனக்கு அது செல்லவில்லை. ஆயில் வடிந்தது சில நிமிடங்களில். அதை வடிய விடாமல் பிடித்துக்கொண்டிருந்த போல்ட்டோடும், தவறான பாட்டிலைக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க மறுத்த கடையோடும் பட்ட பாடுதான் நாள்கணக்கில் நீண்டது. முதன்முதலாக வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு இது உதவும் என்பதால் எழுதுகிறேன்.

செங்கோட்டையிலிருந்து புளியரை, ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூருக்கு வேலைக்குப் போய் வருபவன் நான். வண்டி ஸ்பிளெண்டர். புளியரையைத் தாண்டியதும் தொடங்கும் எஸ் வளைவில், முன்னால் சரக்கு லாரி ஊர்ந்துகொண்டிருந்தால், நாமும் முதல் கியருக்கும் இரண்டாவது கியருக்குமாக மாறி மாறி ஏற வேண்டியதுதான். காற்றால் குளிரும் சிறிய எஞ்சினுக்கு அங்கே ஓடுகிற காற்றும் கிடைக்காது. அந்தச் சூட்டைத் தாங்குவதில் பாதிப் பொறுப்பு ஆயிலுடையது. அதனால், பணம் கொடுத்துச் சர்வீஸ் செய்து வாங்கி வந்த மறுநாள் காலையில் ஆயில் ஸ்டிக்கை (ஆயில் மூடியோடு சேர்ந்த, அளவு பார்க்கும் குச்சியை) எடுத்துத் துடைத்தபோது துணியில் கன்னங்கரேல் என்று படிந்ததைப் பார்த்து எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. பில்லில் ஆயிலுக்கும் காசு, மாற்றிய கூலிக்கும் காசு. உள்ளே இருந்ததோ பழைய ஆயில்.

பட்டறையில் போய்க் கேட்டதற்கு, “வண்டி பழசுல்லா அண்ணாச்சி, ஊத்துன உடனே கறுக்கத்தான் செய்யும்” என்றார் அங்கிருந்தவர். உள்ளே தங்கிவிடும் மிச்சத்தோடு கலந்து புது ஆயில் சற்றுப் பழுப்பேறும் என்பது உண்மை. ஆனால் பட்டறையிலிருந்து வீடு வரும் தூரத்திற்குள் தார் போலக் கறுத்துவிடாது. வாதாடிப் பயனில்லை என்று தெரிந்ததும், இனி இந்த வேலையை நானே செய்துகொள்வது என்று முடிவு செய்தேன். நீங்களும் ஒன்று செய்யுங்கள்: வண்டியைச் சர்வீஸுக்கு விடும்போது ஆயிலை நம் கண்ணெதிரே வடிக்கச் சொல்லுங்கள். அது முடியாவிட்டால், வண்டியைப் பட்டறையிலிருந்து வெளியே எடுக்கும் முன் ஸ்டிக்கைத் துடைத்துப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். வீட்டுக்கு வந்துவிட்டால் நம் பேச்சு எடுபடாது.

அளவு பார்ப்பதைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் சறுக்கும் இடம் இது. வண்டி நடு ஸ்டாண்டில், சமதளத்தில் நிற்க வேண்டும். பக்க ஸ்டாண்டில் சாய்த்து வைத்துப் பார்த்தால் அளவு பொய் சொல்லும். எஞ்சினை மூன்று நிமிடம் போல ஓட விட்டு நிறுத்தி, மேலே ஏறிய ஆயில் கீழே இறங்க மேலும் மூன்று நிமிடம் பொறுத்து, ஸ்டிக்கைக் கழற்றித் துடைத்து, மீண்டும் செருக வேண்டும். இந்த வண்டியில் செருகும்போது மூடியைத் திருகக் கூடாது. துளையின் விளிம்பில் சும்மா உட்கார வைத்து எடுக்க வேண்டும். திருகிவிட்டால் ஸ்டிக் கூடுதல் ஆழத்துக்குப் போய், ஆயில் குறைந்திருந்தாலும் நிறைந்திருப்பதாகக் காட்டும். சில கம்பெனி வண்டிகளில் முறை வேறாக இருக்கும் என்பதால் உங்கள் வண்டியோடு வந்த கையேட்டை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கறுப்பு நிறத்தைக் கண்டு மட்டும் பயப்பட வேண்டாம். உழைத்த ஆயில் கறுக்கும். சாரல் காலத்தில் ஸ்டிக்கிலோ மூடியின் உட்புறத்திலோ பால் கலந்த காப்பி போல ஒரு நிறம் தென்பட்டால்தான் உண்மையிலேயே கவலைப்பட வேண்டும். உள்ளே தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று பொருள். அந்த ஆயிலை வைத்து ஓட்டக் கூடாது.

அடுத்தது ஆயில் வாங்கிய கதை. கடையில் வண்டியின் பெயரைச் சொல்லி 10டபிள்யூ-30 கேட்டேன். 900 மி.லி. பாட்டில் ஒன்றைத் தாளில் சுற்றிக் கொடுத்தார்கள். வீட்டில் பிரித்துச் சீலை உடைக்கும் முன் பின்பக்கத்துச் சிறிய எழுத்துகளைப் படித்தேன். ஜாசோ எம்பி என்று இருந்தது. அது ஸ்கூட்டருக்கான ஆயில். மோட்டார் சைக்கிளுக்கு வேண்டியது ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2. ஜாசோ என்பது ஜப்பானிய வாகனத் தர அமைப்பு. அவர்கள் வகுத்த இந்த இரண்டு எழுத்துகள் கிளட்சோடு நேரடியாகத் தொடர்புடையவை. நம் மோட்டார் சைக்கிள்களில் எஞ்சினுக்கும் கியருக்கும் கிளட்ச் பிளேட்டுக்கும் ஒரே ஆயில்தான். கிளட்ச் பிளேட்டுகள் ஆயிலில் நனைந்தபடியே ஒன்றையொன்று கவ்விப் பிடிக்க வேண்டும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் கிளட்ச் வெளியே, உலர்ந்த நிலையில் இருப்பதால் அதற்கான ஆயிலில் உராய்வை இன்னும் குறைத்திருப்பார்கள். அதை மோட்டார் சைக்கிளில் ஊற்றினால் கிளட்ச் வழுக்க வாய்ப்புண்டு. ஆக்சிலேட்டரை முறுக்கினால் எஞ்சின் அலறும், வண்டி மட்டும் ஏறாது. மலைப்பாதையில், பின்னால் லாரி வந்துகொண்டிருக்கும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

சீல் உடைக்காத பாட்டிலோடு மறுபடியும் கடைக்குப் போனேன். “ரெண்டும் 10டபிள்யூ-30 தானே அண்ணாச்சி, என்ன வித்தியாசம் இருக்கப் போகுது?” என்றார் கடைப்பையன். பாட்டிலைத் திருப்பி எழுத்தைக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு முதலாளியிடம் நீட்டினார். முதலாளி பார்க்காமலே, விற்ற சாமானைத் திரும்ப எடுப்பதில்லை என்று சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். அந்த எண் ஆயில் எவ்வளவு நீர்த்தது, எவ்வளவு கெட்டியானது என்பதை மட்டுமே சொல்லும், எந்த வகைக் கிளட்சுக்குப் பொருந்தும் என்பதைச் சொல்லாது என்று எடுத்துச் சொல்லியும் பலனில்லை. அவர்கள் விற்கும் பொருளைப் பற்றி அவர்களுக்கே தெரியவில்லை என்பதும், தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை என்பதும்தான் என்னை வருத்தியது. கடைசியில் பக்கத்து வீட்டு அக்கா தம் ஸ்கூட்டருக்கு ஆகும் என்று அந்தப் பாட்டிலை வாங்கிக்கொண்டார். வேறொரு கடையில், நானே அலமாரியிலிருந்து எடுத்து எழுத்தைப் படித்துப் பார்த்துச் சரியானதை வாங்கினேன். நீங்களும் கடைக்காரர் முன்னாலேயே பின்பக்கத்தைப் படித்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

இனி போல்ட். வண்டியைச் சற்று நேரம் ஓட்டி, ஆயில் வெதுவெதுப்பானதும் நிறுத்தி, அகலமான பழைய டப்பாவை அடியில் வைத்து, ஆயில் மூடியைத் திறந்தேன். மேலே காற்றுப் போனால்தான் கீழே தடையின்றி வடியும். அடியில் குனிந்து பார்த்தபோது மனம் சோர்ந்துவிட்டது. வடிகால் போல்ட்டின் ஆறு முனைகளில் இரண்டு ஏறக்குறைய உருண்டையாகத் தேய்ந்திருந்தன. யாரோ சரியான 17 மி.மீ. ஸ்பானரை எடுக்கச் சோம்பி, அட்ஜஸ்டபிள் ஸ்பானரை மாட்டித் தொங்கியிருக்கிறார்கள். போல்ட்டின் ஓரத்தில் வெள்ளை டேப்பின் பிசிறு வேறு நீட்டிக்கொண்டிருந்தது. குழாய் இணைப்புக்குச் சுற்றும் டெஃப்லான் டேப்பை எஞ்சின் போல்ட்டுக்குச் சுற்றியிருக்கிறார்கள்.

இரும்பு போல்ட், அலுமினிய எஞ்சின். முரட்டுத்தனம் செய்தால் போல்ட்டுக்கு ஒன்றும் ஆகாது. எஞ்சினின் மரைதான் போகும். மரை போனால் லேத் பட்டறையில் புது மரை வெட்டியோ, உள்ளே சுருள் பதித்தோ சரிசெய்ய வேண்டிவரும். அதனால் முரண்டு பிடிக்காமல் டப்பாவை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, தெருமுனையில் லேத் வைத்திருக்கும் பெரியவரிடம் போய்க் கேட்டேன். அவர் சொன்னவை இரண்டு. “பன்னெண்டு முனை ரிங் ஸ்பானரைப் போட்டா மிச்ச முனையும் போயிரும் தம்பி. ஆறு முனை சாக்கெட்டை நல்லா அமுக்கி மாட்டு, மாட்டிட்டு அடியில லேசா ஒரு தட்டு தட்டு.” சாக்கெட்டையும் அவரே கொடுத்தார். காசு வாங்கவில்லை.

துருப்பிடித்த இடத்தில் ஊறும் எண்ணெயைப் பீய்ச்சி, சற்று நேரம் ஊற விட்டு, சாக்கெட்டை மாட்டி, நீண்ட கைப்பிடியால் மெல்ல அழுத்தத்தைக் கூட்டினேன். இங்கே ஒரு எச்சரிக்கை: போல்ட்டின் தலையை நேராகப் பார்த்தபடி இடப்பக்கம் திருப்பினால்தான் அது கழலும். வண்டியின் மேலிருந்து குனிந்து பார்க்கும்போது திசை தலைகீழாகத் தெரியும். கழற்றுவதாக நினைத்துக்கொண்டு மேலும் இறுக்கி மரையை அழித்தவர்கள் உண்டு. ‘டக்’ என்று ஒரு சத்தம். ஏதோ உடைந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். சாக்கெட் தளர்ந்து சுழன்றபோது வந்த நிம்மதியை எழுத்தில் கொண்டுவர முடியாது. கையால் கழற்றியதும் ஆயில் கறுப்பாக, கெட்டியாக, தடையின்றி இறங்கியது.

போல்ட்டைத் துடைத்துப் பார்த்ததும் எல்லாம் விளங்கியது. அதில் இரண்டு வாஷர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நசுங்கி ஒட்டிக்கொண்டிருந்தன. பழையதை எடுக்காமலே மேலே புதிதைப் போட்டு, அப்படியும் கசிந்ததால் டேப்பைச் சுற்றி, அதன்மேல் பலங்கொண்ட மட்டும் இறுக்கியிருக்கிறார்கள். இந்த வாஷர் மென்மையான உலோகத்தில் செய்தது; இறுக்கும்போது சற்றே நசுங்கி இடைவெளியை அடைப்பதுதான் அதன் வேலை. ஒருமுறை நசுங்கியது மறுமுறை அவ்வளவாக அடைக்காது. சில ரூபாய்ப் பொருள். அதை மாற்றாமல் விட்டதால்தான் இத்தனையும்.

அந்தச் சில ரூபாய்ப் பொருளை எங்கள் ஊரில் நான் கேட்ட கடைகளில் வாங்க முடியவில்லை. “பழசையே திருப்பிப் போடுங்க, ஒண்ணும் ஆகாது” என்பதுதான் கிடைத்த பதில். வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு, மறுநாள் பஸ்ஸில் புனலூருக்குப் போனபோது, பஸ் ஸ்டாண்டுக்கு அருகில் உதிரி பாகக் கடை ஒன்றில் பழைய போல்ட்டை மேசைமேல் வைத்து, “சேட்டா, இதுக்கு வாஷர் உண்டோ?” என்று கேட்டேன். அவர் போல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, “உண்டு. செம்போ, அலுமினியமோ?” என்றார். அந்த ஒரு கேள்வியிலேயே சரியான ஆளிடம் வந்திருக்கிறோம் என்று தெரிந்துவிட்டது. புது போல்ட்டும், உள்துளை 12 மி.மீ. உள்ள அலுமினிய வாஷர்களும் வாங்கினேன். வாஷரைக் கூடுதலாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய போல்ட்டை மாதிரிக்கு எடுத்துப் போக மறக்காதீர்கள்.

மீதி வேலை சொல்லுமளவுக்கு இல்லை. போல்ட்டை முதலில் விரலால் முடிந்தவரை முடுக்கினேன். விரலுக்கே வழுவழுவென்று ஏறினால் மரை நன்றாக இருக்கிறது. பிறகு குட்டை ஸ்பானரால், வாஷர் நசுங்கி உட்காரும் வரை மட்டும் இறுக்கினேன். கழற்ற நீண்ட கைப்பிடி வேண்டியிருந்தது என்பதற்காக இறுக்கவும் அதையே எடுக்கக் கூடாது. புனலின் வழியாகப் பாட்டிலில் முக்கால் பங்கு ஊற்றி, முன்பு சொன்ன முறையில் அளவு பார்த்து, ஸ்டிக்கின் மேல் கோட்டைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன். பாட்டிலில் மிச்சம் இருக்கிறதே என்று முழுவதையும் கவிழ்ப்பது தவறு. அளவு மிஞ்சினால் ஆயில் காற்றுப்போக்கி வழியாக ஏர் ஃபில்டருக்குப் போகும், புகை கக்கும், எஞ்சினுக்கும் பாரம். இந்த வண்டியில் காகித ஆயில் ஃபில்டர் கிடையாது; உள்ளே வலைச் சல்லடை இருக்கிறது. அதைச் சுத்தம் செய்யப் பக்க மூடியையே கழற்ற வேண்டும். அதை நான் தொடவில்லை.

அன்றிரவு வண்டியின் அடியில் அட்டையை விரித்து வைத்தேன். காலையில் ஒரு சொட்டுக் கறையும் இல்லை. புளியரை ஏற்றத்தில் கிளட்ச் உறுதியாகப் பிடித்தது. கியர் விழும்போது முன்பிருந்த கடகடப்பும் குறைந்திருந்தது.

வடித்த ஆயிலை என்ன செய்வது என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் அதைச் சென்ட்ரிங் பலகைக்குத் தடவக் கேட்டு வாங்குவார்கள், கரையான் வராமலிருக்க மரக்காலில் பூசுவார்கள், மிஞ்சியதைச் சாக்கடையில் ஊற்றுவார்கள். எங்கள் தெருச் சாக்கடை நேராக வாய்க்காலில் சேர்கிறது. வாய்க்கால் வயலுக்குப் போகிறது. 2016ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின்படி, பயன்படுத்திய எஞ்சின் ஆயிலும் அபாயகரக் கழிவுதான். அதைக் காலி பாட்டிலில் அடைத்து, பழைய ஆயிலைப் பீப்பாயில் சேர்த்து மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் வேறொரு பட்டறையில் கேட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன், தயங்காமல் வாங்கிக்கொண்டார்கள். கையில் பட்டதை உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்தக் கறுப்பு தோலுக்கு நல்லதில்லை. ஆயில் தீர்ந்த கம்பெனிப் பாட்டிலை அப்படியே குப்பையில் போடாமல், ஆணியால் நாலைந்து இடத்தில் துளைத்து, லேபிளையும் கிழித்துவிட்டுப் போடுங்கள். முழுசாகக் கிடைக்கும் பாட்டிலில் கண்டதை அடைத்துச் சீல் வைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள்.