திக்குவாயும் குரூப் 4 வினாத்தாளும்: எனக்கு உதவியவை

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 ரிசல்ட் வந்துவிட்டது. சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போகிற அளவுக்கு ரேங்க் இருக்கிறது. நேற்று ராத்திரிதான் நிம்மதியாகத் தூங்கினேன். எதைப் படிப்பது என்று மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். இது திக்குவாய் உள்ளவர்களுக்கு மட்டும்.

போன முறை தேர்வு எழுதிய நாள், 2024 ஜூன் 9. கண்காணிப்பாளர் வருகைத்தாளோடு வந்து “பேர் என்னப்பா?” என்றார். சொந்தப் பெயர்தான் நமக்குக் கஷ்டம். அதற்குப் பதிலாக வேறு சொல் போட முடியாது. முதல் எழுத்திலேயே அடைத்துக்கொண்டது. முன்னால் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் வினாத்தாளைப் பிரித்தால் எழுத்து தெரிகிறது, பொருள் ஏறவில்லை. ஒரே பத்தியை நான்கு முறை படித்தேன். கூற்று-காரணம் கேள்விகளில் கூற்றைப் படித்துக் காரணத்துக்கு வருவதற்குள் கூற்று மறந்துவிடும். 25 நிமிடம் இப்படியே போனது. மூன்றே கேள்வியில் வாய்ப்பு போனது.

தமிழ் தெரியாததால் வந்த வினை இல்லை இது. படித்த வரியை மனம் பிடித்து வைத்திருக்க வேண்டிய இடத்தைப் பதற்றம் எடுத்துக்கொள்கிறது. என் விஷயத்தில் இன்னொன்றும் இருந்தது. கொருக்குப்பேட்டையில் நான் போன குரூப் ஸ்டடியில் ஆளுக்கொரு பத்தி சத்தமாகப் படிக்க வேண்டும். என் முறைக்கு இன்னும் எத்தனை பேர் என்று எண்ணி, என் பத்தியில் ‘ப’, ‘த’ எங்கே வருகிறது என்று தேடிக்கொண்டே இருப்பேன். மற்றவர்கள் படித்தது காதில் விழாது, என் பத்தியின் பொருளும் தெரியாது. அந்தப் பழக்கம் மௌனமாகப் படிக்கும்போதும் கூடவே வந்துவிட்டது. ஆறு மாதம் போனேன். முதல் வாரமே நின்றிருக்க வேண்டும்.

இந்த முறை செய்தவை:

- தங்கச்சியும் நானும் ஒரே நேரத்தில் சேர்ந்து சத்தமாகப் படித்தோம். சேர்ந்து படித்தால் திக்குவாய் உள்ள பலருக்குத் திக்கல் வெகுவாகக் குறையும். இலக்கணம் எனக்கு அப்படித்தான் மனதில் நின்றது.
- பத்திக் கேள்விகளில் கேள்வியை முதலில் படியுங்கள். விடையைத் தேடும் கண் பயமுறுத்தும் எழுத்தைத் தேடாது.
- ஹால் டிக்கெட்டைப் பெயர் தெரிய மேசை ஓரத்தில் வையுங்கள். கேட்டால் விரலால் காட்டுங்கள். அதில் வெட்கமே வேண்டாம்.
- திக்கிவிட்டால் கணக்கில் தொடங்குங்கள். இதுதான் என்னைக் காப்பாற்றியது. வரிசை மாறி எழுதுவதால், ஓஎம்ஆர் விடைத்தாளில் கேள்வி எண்ணை மட்டும் இரண்டு முறை பாருங்கள்.

கடைசியாகச் சொன்னதை வீட்டில் அமைதியாக உட்கார்ந்து பழக முடியாது. ஒவ்வொரு மாதிரித் தேர்வுக்கும் முன்னால் டிஎச் ரோட்டில் ஒரு டீக்கடைக்குப் போய், தெரியாத யாரிடமாவது என் பெயரைச் சொல்லிப் பேசுவேன். திக்கிய படபடப்போடே வந்து தேர்வு எழுதுவேன்.

2025 ஜூலை 12 அன்று பக்கத்து இருக்கைக்காரர் “எந்த ஏரியா?” என்று கேட்டார். ‘தண்டையார்பேட்டை’ தகரத்திலேயே நின்றது. கணக்கைத் திறந்தேன். ஏழெட்டுக் கணக்கு முடிந்ததும் மூச்சு சீரானது. அப்புறம் தமிழுக்கு வந்தேன்; பத்திகள் ஒரே வாசிப்பில் புரிந்தன.

சரிபார்ப்பில் பெயர் கேட்பார்கள். அதற்காக டீக்கடைக்குப் போவதை இன்னும் நிறுத்தவில்லை.