தீபாவளி ஸ்கிரீன், தைப்பூச வேலை

தீபாவளித் துணிப்பைகளுக்குக் குத்துவிளக்கு அச்சடித்த ஸ்கிரீன்கள் சிங்கப்பூரில் உபி வட்டாரத்தில் உள்ள எங்கள் அச்சுப் பட்டறையில் அடுக்கிக் கிடந்தன. பால்குடம் எடுக்கும் குழு ஒன்று தைப்பூசத்துக்கு டி-சட்டை கேட்டது. ஸ்கிரீன் சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணியான மெஷ் கிழியாமல் விறைப்பாக இருக்கும்போது புதிதாக வாங்குவானேன்? பழையதையே கழுவி எடுப்பது என்று முடிவு செய்தோம்.

எங்களுடையது பிளாஸ்டிசால் மை. சூடு காட்டாதவரை காயாது என்பதால், மாதக்கணக்கில் கிடந்ததையும் வழித்து டப்பாவில் போட முடிந்தது. தண்ணீரில் கரையும் மையாக இருந்திருந்தால் கதை வேறு. அது கண்ணிகளுக்குள் காய்ந்து இறுகிவிடும், அச்சு முடிந்த கையோடு கழுவியாக வேண்டும். மிச்சம் ஒட்டியிருந்த மையை மை நீக்கி தொட்ட துணியால் துடைத்தேன். இதில் சோம்பினால் அடுத்த மருந்து எமல்ஷனுக்குள், அதாவது மெஷ்ஷில் பூசி ஒளி காட்டிப் படம் பதிக்கும் பூச்சுக்குள், இறங்காது.

அந்த அடுத்த மருந்துதான் எமல்ஷன் நீக்கி. இருபுறமும் தடவி, நைலான் தூரிகையால் தேய்த்து, ஓரிரு நிமிடம் ஊற விட வேண்டும். காய மட்டும் விடக்கூடாது. காய்ந்தால் எமல்ஷன் மெஷ்ஷோடு நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும். பிறகு மெஷ்ஷை மாற்றுவதைத் தவிர வழியில்லை. அதனால் மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு ஸ்கிரீனாகத்தான் எடுத்தேன். அழுத்த நீர் பீய்ச்சியதும் எமல்ஷன் ஆடை ஆடையாக உரிந்து வழிந்தது. பார்க்கவே ஆனந்தம்!

கழுவும் இடம் முக்கியம். இந்தத் தீவில் மூன்றில் இரண்டு பங்கு நிலம் நீர்ப்பிடிப்புப் பகுதி. வாசலில் ஓடும் மழைநீர்க் கால்வாய் பெரும்பாலும் நீர்த்தேக்கத்தில்தான் போய் முடியும். வெளியே வைத்துக் கழுவும் எண்ணமே வேண்டாம். மை துடைத்த துணிகளைத் தனியாகக் கட்டி, கழிவு அகற்றுபவரிடம் கொடுத்துவிடுகிறோம்.

வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபோது ஒரு ஸ்கிரீனில் குத்துவிளக்கு மங்கலாகத் தெரிந்தது. இந்தக் கறையைப் போக்கக் காரம் மிகுந்த மருந்து ஒன்று உண்டு. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். அதிக நேரம் ஊறினால் மெஷ்ஷையே பலவீனமாக்கிவிடும். கண்ணிகள் திறந்திருந்து ஒளி தாராளமாக ஊடுருவினால் நான் கறையை அப்படியே விட்டுவிடுவேன். சாயம் ஏறிய மெஷ் அச்சைக் கெடுப்பதில்லை; பார்ப்பவர்தான் முகம் சுளிப்பார்.

கடைசியில் எண்ணெய்ப் பசை நீக்குதல். பாத்திரம் கழுவும் சோப்பு போதும் என்பார்கள். கைக்கு மென்மை தரும் சேர்மானங்கள் மெஷ்ஷில் படிந்துவிடும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. இதற்கென்றே விற்கும் திரவத்தைத்தான் வாங்குகிறேன். தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் ஒரே படலமாக வழிந்தால் பசை போய்விட்டது.

அடுத்து, புதுப் படத்துக்காக மீண்டும் எமல்ஷன் பூச வேண்டும். டிசம்பர் மழையில் அதைக் காய வைப்பதுதான் பெரும்பாடு. தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும் எமல்ஷனுக்குள் ஈரம் தங்கியிருந்தால், ஒளி காட்டிக் கழுவும்போது படமும் சேர்ந்து கரைந்துவிடும். பூசிய ஸ்கிரீன்களை, துணியில் படும் பக்கம் கீழே இருக்கும்படி படுக்க வைத்து, மஞ்சள் விளக்கு அறையில் ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை ஓட விடுகிறோம். மின்கட்டணம் ஏறத்தான் செய்கிறது. ஆனாலும் ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே இறங்காமல் எந்த ஸ்கிரீனையும் ஒளிக்கு எடுப்பதில்லை.