பூவை மட்டும் படம் எடுத்து "இது என்ன செடி?" என்று கேட்காதீர்கள்

தோட்டத்தில் தானாக முளைத்துப் பூத்த செடியின் பெயர் வேண்டுமா? முதலில் இலையைப் பாருங்கள். மஞ்சள் குழல் பூ என்றால் மூன்று செடிகள் உடனே நினைவுக்கு வரும். கணுவுக்கு (தண்டில் இலை முளைக்கும் இடம்) மூன்று நான்கு இலைகள் வட்டமாக நின்று, கிள்ளினால் பால் வந்தால் அலமண்டா. ஒல்லியான நீள இலைகள் மாறி மாறி வந்து பால் வடிந்தால் பொன்னரளி. பால் இல்லாமல், ரம்பப்பல் விளிம்புள்ள சிற்றிலைகள் ஒரே காம்பில் சேர்ந்திருந்தால் சொர்ணபட்டி.

தனி இலையா, கூட்டிலையின் (ஒரே காம்பில் பல சிற்றிலைகள் கொண்ட இலை) சிற்றிலையா என்ற குழப்பம்தான் பலரையும் தடம் மாற்றுகிறது. காம்பு சேரும் இடுக்கை உற்றுப் பாருங்கள். அங்கே குட்டியாக மொட்டு இருந்தால் அது முழு இலை. சிற்றிலையின் அடியில் மொட்டு இருக்காது.

படம் எடுப்பதென்றால் குறைந்தது ஐந்து: முழுச்செடி, கணு, இலையின் அடிப்பக்கம், பூவின் முன்பக்கம், பூவின் பின்பக்கம் (பூவின் அடியில் உள்ள பச்சை இதழ்களான புல்லி வட்டம் அங்கேதான் தெரியும்). காய் இருந்தால் அதையும் விடாதீர்கள். மேலே சொன்ன மூன்றில் அலமண்டா காயில் முள் இருக்கும்; சொர்ணபட்டியில் நீளக் காய் தொங்கும். அளவு தெரிய பக்கத்தில் ஸ்கேல் வையுங்கள். செடியை அடையாளம் காட்டும் செயலி சொல்லும் பெயரை ஊகமாக மட்டும் எடுத்துக்கொண்டு, இலை அடுக்கோடு ஒத்துப்பாருங்கள்.

பால் கண்ணில் படக்கூடாது, கிள்ளிய கையை உடனே சோப்பு போட்டுக் கழுவுங்கள். பொன்னரளியின் எல்லாப் பாகமும் கடும் விஷம். பெயர் உறுதியாகும்வரை எதையும் வாயில் வைக்காதீர்கள், குழந்தைகளையும் நெருங்க விடாதீர்கள்.